ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்

பேசியே ஒருவரைக் கொன்றுவிட முடியும் என்று கொஞ்ச காலம் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன். கொன்றவர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து மனநல ஆலோசனை சொல்லும் ஓர் அம்மா. செத்தவர் எங்கள் பாஸ். சாட்சி நான். ஆயுதம், மூச்சை மெதுவாக விடும் ஒரு பயிற்சி. இதைப் போலீஸில் போய்ச் சொல்லாமல் இருந்தது நான் வாழ்க்கையில் செய்த மிகச் சில புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று. சொல்லத் தோன்றாமல் இல்லை. கமிஷனர் அலுவலகத்துக்கு எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். மெட்ரோவில் ஏறினால் எனக்கு நெஞ்சை அடைக்கும் என்பதால் வழக்கு அந்த இடத்திலேயே நின்றுபோனது.

பாஸ் என்றதும் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் இல்லை, வலது கையின் இரண்டு விரல்கள். வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்தின் நீளமான மேஜை. மேஜைக்கு மேலே அவர் அமெரிக்காக்காரர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். மேஜைக்குக் கீழே அந்த இரண்டு விரல்களும் இடது மணிக்கட்டை அழுத்தி நாடி பார்த்துக்கொண்டிருக்கின்றன. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்ததற்குக் காரணம், பேனாவை எடுக்கும் சாக்கில் நானும் குனிந்தது என் நாடியைப் பார்க்கத்தான். மேஜைக்கடியில் இரண்டு திருடர்கள் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் காபி மிஷின் அருகே அவரே கேட்டார்: "உனக்குமா, மாராயா?" மாராயா என்றால் கன்னடத்தில் 'அப்பனே' மாதிரி. எனக்கும்தான் என்றேன். அதற்கு முன்பு அவரை எனக்கு மேலதிகாரியாக மட்டுமே தெரியும்.

நாங்கள் மென்பொருளைச் சோதிப்பவர்கள். அடுத்தவன் இரவுபகலாக எழுதியது வேலை செய்கிறதா என்று பார்த்து, செய்யவில்லை என்று சொல்லி, அவனுடைய வெறுப்பைச் சம்பாதிப்பது எங்கள் தொழில். பாஸ் அதில் ஊறியவர். அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா மாநில அரசில் வேலை பார்த்தவர் என்பதால் வீட்டில் தமிழும் வாசலில் கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் சண்டையில் மூன்றும் பேசுவார். நான் வேலூரிலிருந்து பிழைக்க வந்து, இருபது வருஷமாகியும் ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் தோற்பவன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது, எதையும் சோதிக்காமல் நம்பக்கூடாது என்ற கெட்ட பழக்கமும், திடீரென்று வந்து கழுத்தைப் பிடிக்கும் அந்தப் பயமும்தான்.

அவருடைய பயத்துக்கு ஓர் ஆரம்பம் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். துங்காவில் காபி குடிப்போம், பத்ராவில் சண்டை போடுவோம், கோடியிலிருக்கும் ஷராவதியில் வேலை போகும். ஆட்குறைப்பு வந்த வருஷம், ஒவ்வொருவராக ஷராவதிக்குக் கூப்பிட்டு, மனிதவளப் பிரிவு எழுதிக்கொடுத்த வாசகங்களை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை பாஸுக்கு. அவரே பொறுக்கி எடுத்து, வேலை கற்றுக்கொடுத்து, கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்த பிள்ளைகள். ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்களா சார்? வேர்க்குது உங்களுக்கு" என்றாளாம். வேலை போனவள் கேட்கிறாள். அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறை வந்தது.

என் பயத்துக்கு அந்த மாதிரி மரியாதையான காரணம் எதுவும் கிடையாது. மெட்ரோவில் நின்றுகொண்டு வாழைக்காய் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அவசரப் பிரிவுக்குள் நடந்தே போய் படுத்துக்கொண்டேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மறுவாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனபோது அங்கிருந்த நர்ஸ், வழக்கமாக வரும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி, "ஏனு சார், மத்தே பந்த்ரா?" என்றார். என்ன, மறுபடியும் வந்துட்டீங்களா என்று. சட்டைப் பொத்தானை நானே கழற்றி, ஒயர்களை எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன்.

பாஸின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச வந்துகொண்டிருந்தவர்தான் அந்தப் பிரேசர் டவுன் அம்மா. அக்காதான் அவரைக் கண்டுபிடித்து, பாஸை அங்கே போகச் சொல்லி மல்லுக்கட்டினார். எனக்குத் தெரிந்து கவுன்சிலிங் என்பது இன்ஜினியரிங் சீட்டுக்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவது. வளர்ந்த மனிதர் இன்னொரு வளர்ந்த மனிதர் எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் எப்படிச் சரியாகும் என்று எனக்கும் புரியவில்லை, பாஸுக்கும் புரியவில்லை. புரியாததை நாங்கள் என்ன செய்வோம்? சோதிப்போம்.

"ஒரு பக்கம் மாத்தணும், இன்னொரு பக்கத்தைத் தொடக்கூடாது" என்றார் பாஸ், துங்காவில் காபியைக் கலக்கிக்கொண்டே. "நான் போறேன். நீ அப்படியே இரு. மழைக்காலம் முடியறப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். இல்லேன்னா எதால சரியாச்சுன்னு எப்படிடா தெரியும்?"

"அதாவது நான் பழைய வெர்ஷன்."

"ஆமா. உன்னை யாரும் ரிப்பேர் பண்ணக்கூடாது. பண்ணவும் முடியாது, அது வேற விஷயம்."

உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரர்களும் இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். காய்ச்சல் வந்த இரண்டு பேரில் ஒருவன் மருந்து சாப்பிட, மற்றவன் நடுங்கிக்கொண்டே கணக்குப் பார்ப்பது. ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அறிவியலின் பெயரால் சும்மா இருக்கலாம். முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் போய், நான் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செத்துப்போனேன் என்று சொல்ல வேண்டாம். அக்காவுக்கு இந்த ஏற்பாடு தெரிந்தபோது, "படிச்சு வேலை பாக்கறவங்கன்னு சொல்லிக்காதீங்க ரெண்டு பேரும்" என்றார்.

அந்த அம்மா பாஸைப் பார்த்ததும் செய்த முதல் காரியம், அவரைத் திருப்பி அனுப்பியது. முதலில் இதய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே ஒன்றுமில்லை என்றால்தான் இங்கே வேலை என்றாராம். போய்ப் பார்த்தார். அப்போது எல்லாம் சரியாகவே இருந்தது. அதன்பிறகு வாரம் ஒருநாள் போக ஆரம்பித்தார். போய்வந்த மறுநாள் துங்காவில் எனக்கு முழுக்கதையும் கிடைக்கும். பயம் வந்தால் ஓடக்கூடாதாம். வா, உட்கார் என்று சொல்லி, அது தானாக எழுந்து போகும்வரை கூடவே இருக்க வேண்டுமாம். "வந்த விருந்தாளிக்குக் காபி குடுக்கற மாதிரி, குரு" என்பார். குரு என்றால் ஆசான் இல்லை, கன்னடத்தில் நண்பனைக் கூப்பிடும் சொல். காபி குடித்தால் நெஞ்சு இன்னும் படபடக்குமே பாஸ் என்பேன். "அப்ப டீ குடு" என்பார்.

அந்த அம்மா கொடுத்த வீட்டுப்பாடங்களில் ஒன்று எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நெஞ்சு வேகமாக அடித்தாலே சாவு என்று மனசு பழகியிருக்கிறதாம். அதனால் வேண்டுமென்றே வேகமாக அடிக்க வைத்து, அடித்தும் சாகவில்லை என்று அதற்குக் காட்ட வேண்டுமாம். பாஸ் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அலுவலகத்தின் அவசர வழிப் படிகளில் ஏறி ஓடுவார். நான் மேல்மாடியில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பேன். மூச்சு வாங்க வந்து சுவரில் சாய்ந்து, கண்களை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, "பாரு, இருக்கேன்" என்பார். தொப்பையைக் குறைக்கிறார் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. அவர் ஓடி வந்ததில் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் அவருக்கு வைத்திருந்த தண்ணீரை நானே முழுக்கக் குடித்துவிட்டேன்.

வாரங்கள் போகப்போக அவர் மாறினார். அதை மறுக்க முடியாது. மீட்டிங்கில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடுவதை விட்டார். மேஜைக்கடியில் விரல்கள் சும்மா இருந்தன. கூட்ட நேரத்தில் மெட்ரோவில் ஏறி, நடுப்பெட்டியில் நின்றபடி எனக்குப் போட்டோ அனுப்பினார். அக்கா என்னிடம் போனில் சொன்னார்: "தூங்கறாருடா. குறட்டை விட்டுத் தூங்கறாரு. என்ன நிம்மதியா இருக்கு தெரியுமா அந்தச் சத்தம்." ஆனால் சோதனைக்காரன் சந்தேகப்பட வேண்டும் அல்லவா? எனக்கும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருந்தது. அவசரப் பிரிவுக்குப் போய் நாளாகியிருந்தது. நர்ஸ் என்னைத் தேடியிருப்பார். ஒன்றுமே செய்யாத நானும் தேறிவிட்டால் அந்த அம்மாவுக்கு இதில் என்ன பங்கு?

மழைக்காலம் முடிந்து ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தபோது இதைத்தான் கேட்டேன். பாஸ் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

"நாம ரெண்டு பேரும் ரொம்ப மோசமா இருந்தப்ப ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் எப்படியும் கொஞ்சம் மேலதான் வரும். அது ஒண்ணு. வாரா வாரம் ஒரு மனுஷி குறுக்க பேசாம நான் சொல்றதைக் கேட்டாங்க. அதுவே போதுமோ என்னவோ. அப்புறம், நீ ஒண்ணும் பண்ணலேன்னு யார் சொன்னது? தினமும் என் உயிரை வாங்கி எல்லாத்தையும் கேட்டுக்கிட்ட. ஓசியிலயே முழு வைத்தியமும் பார்த்துக்கிட்ட. உன்னை எப்படி நான் தொடாத பக்கம்னு சொல்றது?"

உண்மைதான். அவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த வாரம் எனக்கு இரண்டுமுறை வந்தது. ஒப்பிட வைத்த ஆளிலேயே கலப்படம். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட சோதனையைக் குப்பையில் போடுவோம். போட்டோம். வேலை செய்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவர்களில் ஒருவர் மட்டும் நன்றாக ஆகிவிட்டார்.

நன்றாக ஆனவர் செய்த முதல் வேலை, மறுபடியும் ஆட்குறைப்புப் பேச்சு வந்தபோது, இனிமேல் ஷராவதியில் தான் உட்கார மாட்டேன் என்று மேலிடத்தில் சொன்னது. பயத்தைப் போக்கிக்கொள்ளப் போனவர், பயப்பட வேண்டிய ஆட்களிடமே முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மேலிடம் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆளைத் தேடியது. அடுத்த ஆள் நான். எந்த மருந்துச் சீட்டிலும் இப்படி ஒரு பக்கவிளைவு போட்டிருக்க மாட்டார்கள்: பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நெஞ்சடைப்பு. ஷராவதியில் நான் அந்த வாசகங்களைச் சொல்லிவிட்டு வெளியே வரும்போது பாஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார், தண்ணீர் பாட்டிலோடு. "நீயும் அங்க போ, மாராயா. சோதனை முடிஞ்சு போச்சு. இன்னும் யாருக்காக அப்படியே இருக்க?" என்பார். போகிறேன், அடுத்த வாரம் போகிறேன் என்பேன்.

அந்த அடுத்த வாரங்களில் ஒன்றில், ஒரு சாதாரணச் சாயங்காலம், அலுவலகக் காரில் வீட்டுக்குக் கிளம்பிய பாஸ் வீடு போய்ச் சேரவில்லை. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

என் மூளைக்கு முடிவுக்கு வர அரை நொடிகூட ஆகவில்லை. நெஞ்சு படபடத்தால் பயப்படாதே என்று ஒரு மனிதருக்குப் பழக்கினார்கள், உண்மையிலேயே நெஞ்சு வலித்தபோது அவர் பயப்படவில்லை, செத்துப்போனார். கணக்கு சரியாக வந்தது. இவ்வளவு சுத்தமாக வரும் கணக்கை எங்கள் தொழிலில் நாங்கள் நம்பவே மாட்டோம். ஆனால் துக்கத்தில் இருப்பவனுக்கு அது கையில் கிடைத்த கட்டை. அதைப் பிடித்துக்கொண்டே அன்றைக்கு அவசரப் பிரிவுக்குப் போய்ப் படுத்தேன். அதே நர்ஸ். இந்தமுறை ஒயர்களை அவரே ஒட்டினார். என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அல்சூர் வீட்டின் கூடத்தில் நாற்காலிகள் இன்னும் வாடகைக் கடைக்குத் திரும்பாமல் அடுக்கிக் கிடந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், எனக்குள் இருந்த அதே கணக்கை அவர் சொன்னார்.

"வழியில இருந்து போன் பண்ணினாருடா. வர கொஞ்சம் லேட்டாகும், நீ சாப்பிட்டுடுன்னாரு. அவ்ளோ சாதாரணமா பேசினாரு. அப்ப வலி இருந்திருக்கும்ல? அந்தம்மா சொல்லிக்குடுத்த மாதிரி மூச்சை விட்டுக்கிட்டு, இது ஒண்ணுமில்ல, போயிடும்னு உட்கார்ந்திருப்பாரு. வேணாம் வேணாம்னுதானே சொன்னாரு. நான்தான் பிடிச்சுத் தள்ளினேன் அவரை அங்க. நான் தள்ளலேன்னா, பழைய மாதிரி பயந்து அலறிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாரு. இருந்திருப்பாரு."

அந்த வீட்டில் அக்காவைச் சிரிக்க வைப்பதற்கென்றே எப்போதும் கூப்பிடப்படும் ஆள் நான். அன்றைக்குக் கூப்பிட்டது வேறொன்றுக்கு. "நீ அவர்கூடவே இருந்தவன். எதையும் தோண்டித் துருவுறவன். நெஜமா என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எனக்கு வந்து சொல்லு" என்றார். "எதுவா இருந்தாலும்."

மறுநாள் பிரேசர் டவுன் போனேன். சண்டை போடத்தான். கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை, நெஞ்சு முழுக்க வசனங்கள். பாதிப் படியில் எனக்கு வந்துவிட்டது. குற்றவாளியைப் பிடிக்கப் போன துப்பறிவாளன் அவர் வீட்டுப் படியிலேயே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டு அந்த அம்மா இறங்கி வந்தார். வயதானவர், கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. எனக்கு இரண்டு படி கீழே அவரும் உட்கார்ந்தார். "டாக்டர்கிட்ட காட்டியிருக்கீங்களா?" என்றார். காட்டாத டாக்டர் இல்லை என்றேன். "சரி, அப்ப இருப்போம்" என்றார். இருந்தோம். பேக்கரிக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பயம் தன்பாட்டுக்கு வந்து, தன்பாட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு யார் என்று சொன்னேன்.

அவருடைய முகம் மாறியது. பாஸ் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. கொண்டுபோன வசனங்களில் ஒன்றை மட்டும் எப்படியோ சொன்னேன்: வலியைக் கண்டுகொள்ளாமல் இருக்க நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் இங்க பேசினதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது தம்பி. அவர் இல்லேன்னாலும் முடியாது. இங்க வர்ற எல்லாருக்கும் சொல்றதை வேணா சொல்றேன். உங்களுக்கு வழக்கமா எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். அது வந்தா பக்கத்துல உட்காருங்க. வேற மாதிரி ஒண்ணு வந்தா யோசிக்காதீங்க, எனக்கு போன் பண்ணாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதை ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சொன்னதை அவர் செஞ்சாரான்னு எனக்குத் தெரியாது. நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். நான் தண்டிக்கப் போயிருந்தவர் அந்தக் கேள்வியோடு எனக்கு முன்பே அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார்.

கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார். அலுவலகக் கார் ஓட்டியவர் பொம்மனஹள்ளியில் குடியிருக்கும் கிருஷ்ணகிரிக்காரர். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவரை வேறு பாதைக்கு மாற்றியிருந்தார்கள். வண்டிகள் நிற்கும் காலி மனையில் போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும், "கேஸு கீஸுன்னு மாட்டி விட்றாதீங்க சார், புள்ளைங்க இருக்கு" என்றார். இல்லை, அவர் வீட்டம்மா கேட்கிறார், அதற்காகத்தான் என்றேன். அதைக் கேட்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், அன்றைக்கு இருந்த டாக்டரைப் பிடித்து, சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். பெரிய அடைப்பு, சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

நான் இப்போது அந்தப் பேக்கரி மாடிக்குப் போய்வருகிறேன். வாரம் ஒருநாள். வேலை செய்கிறதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மெட்ரோவில் ஏறுகிறேன், நடுப்பெட்டியில் நிற்கிறேன், சில நாள் விரல்கள் மணிக்கட்டுக்குப் போகின்றன, சில நாள் இல்லை. அந்த அம்மாவாலா, வயதாகிவிட்டதாலா, இதைவிடப் பெரிய அடி விழுந்த பிறகு சின்னப் பயங்களுக்கு வெட்கம் வந்துவிட்டதாலா, எனக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. அவர் இருந்திருந்தால் துங்காவில் காபியைக் கலக்கிக்கொண்டே என் முடிவில் ஏழெட்டு ஓட்டை கண்டுபிடித்திருப்பார். சரியானோமா என்று மட்டும்தான் அன்றைக்கு நாங்கள் பார்த்தோம். சரியான ஒரு மனிதர் எப்படிப் பேசுவார், அதைக் கேட்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

டிரைவர் சொன்னதை அக்காவிடம் பாதி மட்டும் சொல்லலாம் என்றுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அல்சூர் போனேன். முதல் பாதி ஆறுதலாக இருந்தது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அக்கா என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மொகத்தப் பாத்தாலே தெரியுது, எதையோ மறைக்கப் பாக்கற. முழுசா சொல்லு. நடுவுல ஜோக் அடிச்சே, எழுந்து போயிடுவேன்" என்றார்.

அதனால் முழுவதும் சொன்னேன். நடந்தது இதுதான்.

மாரத்தஹள்ளி பாலம் தாண்டியதும் பாஸ் டிரைவரிடம், "இது எனக்கு எப்பவும் வர்ற பயம் இல்லப்பா, இது வேற. ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. உடனேயே தெரிந்திருந்தது, உடனேயே சொல்லியும் விட்டார். அக்கா பயப்படக்கூடாது என்பதற்காக, லேட்டாகும் என்று மட்டும் போனில் சொன்னார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதே டிரைவரின் வண்டியில் அவருக்குப் பழைய பயம் வந்திருக்கிறது. அப்போது கத்தி, சட்டையைப் பிய்த்துக்கொண்டு, ஓடும் வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். டிரைவர் பதறிப்போய் எதிர்வண்டிகள் வரும் பக்கத்தில் ஏறி, விடாமல் ஹாரன் அடித்து, கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். இந்தமுறை பாஸ் கத்தவில்லை. குரல் நடுங்கவில்லை. "தயவு செஞ்சு" என்றுகூடச் சேர்த்துக்கொண்டார். அவ்வளவு நிதானமாகச் சொன்னதால், அவசரம் ஒன்றும் இல்லை, ஏதோ பரிசோதனைக்குப் போகிறார் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். எல்லா வண்டிகளையும் போல வரிசையில் நின்றார். சிக்னலில் பச்சை விழுந்து கார் நகர்ந்தபோது கண்ணாடியில் பார்த்தார். பாஸ் கண்களை மூடியிருந்தார். தூங்குகிறார், குளிரப்போகிறது என்று ஏ.சி.யைக் குறைத்துவிட்டு, குலுங்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.